டிராம் வண்டிக்கு முன் ஒரு நேரசூசி

வியாபாரத்துக்கு முதல் மட்டும் இருந்தால் போதாது, வழியும் வேண்டும் என்பதை நமது வர்த்தகர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சரக்கு வரும் வழி, வாடிக்கையாளர் வரும் வழி ஆகிய இரண்டில் ஒன்று அடைபட்டாலும் கல்லாப்பெட்டி காய்ந்துவிடும்.

யாழ். குடாநாட்டின் உரும்பிராயை எடுத்துக்கொள்வோம். யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரம். பலாலி வீதியும் மானிப்பாய்–கைதடி வீதியும் ஒன்றையொன்று வெட்டும் சந்தி. சுற்றிலும் வெங்காயமும் மரக்கறியும் விளையும் செம்மண் தோட்டங்கள். அருகிலேயே திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகள். வடக்கே பலாலியில் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமும் திறக்கப்பட்டது. இத்தனையும் இருந்தும் இந்த ஊருக்குத் தண்டவாளம் கிடையாது. வெளிநாட்டு நகரங்களில் டிராம் வண்டிகள் கடைவீதிகளின் நடுவே ஓடுவதைப் பார்ப்பவர்களுக்கு, யாழ் நகரிலிருந்து திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் வழியாகப் பலாலி வரை அப்படி ஒன்று வந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே.

ஆசையில் தவறில்லை. ஆனால் எதை முதலில் கேட்பது, எதைப் பிறகு கேட்பது என்ற வரிசை முக்கியம். கையில் இருக்கும் பாதையைப் பயன்படுத்தத் தெரியாமல் புதிய பாதை கேட்பது, கிடங்கில் கிடக்கும் சரக்கை விற்காமல் கடனுக்கு மேலும் சரக்கு எடுப்பதற்கு ஒப்பானது.

உள்ளூர் ரயிலாகப் பிறந்த பாதை

வடபகுதி ரயில் பாதை கொழும்புக்குப் போவதற்காகவே போடப்பட்டது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் முதல் துண்டு 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் திறக்கப்பட்டது. கொழும்புடன் நேரடித் தொடர்பு 1905 ஓகஸ்டில்தான் கிடைத்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் குடாநாட்டின் ஊர்களைத் துறைமுகத்துடன் இணைக்கும் உள்ளூர் ரயிலாகவே அது இருந்தது. இன்றைக்கு நாம் டிராமிடம் எதிர்பார்க்கும் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். இரும்புச் சாமான், லொறிப் போக்குவரத்து, தையல் என்று குடாநாட்டில் காலூன்றியிருந்த தொழில்கள் ஒரே நாளில் வேரறுந்தன. மீண்டும் வந்து கடை திறந்தவர்களில் பலரது குடும்பங்கள் இன்னமும் புத்தளத்தில் இருக்கின்றன. ஆகவே போக்குவரத்து என்பது நமது மக்களுக்கு வெறும் வசதி அல்ல. மீளக் குடியேறுவதா இல்லையா என்ற முடிவே பல வீடுகளில் அதைப் பொறுத்திருக்கிறது.

இந்தியக் கடனுதவியுடன் பாதை மீளமைக்கப்பட்டு, 2014 ஒக்டோபர் 13 இல் ரயில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறையையும் அடைந்தது. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை என நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு டிராம் பாதைக்கு வேண்டிய தரிப்பிடங்கள் இவை. ஆனால் கொழும்புப் பயணிகளை ஏற்றி இறக்கும் நேரங்களை வைத்து ஓடும் ரயில், காலையில் சந்தைக்குப் போய் மதியம் திரும்ப வேண்டியவருக்கு எப்படி உதவும்?

உள்ளூர் ரயிலுக்கு ஆள் ஏறுமா என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. 2022 இல் பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்ற நாட்களில், அந்த ஜூலையில், காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையே ‘யாழ் ராணி’ ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களின் நேரத்தைக் கருத்திற்கொண்டு விடப்பட்ட சேவை அது. புதிதாகப் பாதை போட வேண்டியிருக்கவில்லை. இருந்த பாதைக்கு ஒரு நேரசூசி போட்டார்கள், அவ்வளவுதான்.

கொழும்பும் எடின்பரோவும்

டிராம் நமது நாட்டுக்குப் புதியதல்ல. 1899 இல் கொழும்பில் ஓடத் தொடங்கி, கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் மக்களைச் சுமந்து, 1960 இல் நிறுத்தப்பட்டது. பிறகு மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் அமைக்க ஜப்பானுடன் 2019 இல் கடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. செலவு அதிகம் என்று கூறி 2020 செப்டெம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தலைநகரிலேயே நிலைக்காத திட்டம் பலாலி வீதியில் நாளைக்கே வந்துவிடும் என்று நம்பிக் கடையை விரிவாக்குவது புத்திசாலித்தனமாகாது.

வந்துவிட்டால்தான் என்ன நடக்கும்? ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்தைப் பார்ப்போம். 2011 இல் ஓட வேண்டிய டிராம் அங்கு 2014 மே மாதத்தில்தான் ஓடியது. 54.5 கோடி பவுண் என்று மதிப்பிட்ட வேலை 77.6 கோடி பவுணில் முடிந்தது. அதுவும் பாதையின் ஒரு பகுதியை வெட்டிக் குறைத்த பிறகு! லீத் வோக் என்ற கடைவீதி தோண்டப்பட்டது, வியாபாரம் படுத்தது, கடைசியில் டிராம் அந்த வீதிக்கு வரவே இல்லை. 2019 இல் நீடிப்பு வேலை தொடங்கியபோது அதே வீதி இரண்டாம் முறையும் தோண்டப்பட்டது. 2023 ஜூனில்தான் டிராம் அவ்வீதி வழியாக நியூஹேவன் வரை ஓடியது. இடைக்காலத்தில் எத்தனை சிறு வியாபாரிகள் நொந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரேயொரு ஆறுதல், இரண்டாவது தடவை கடைக்காரர்களுக்கான உதவித் திட்டமும், சரக்கு இறக்கிக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடும் முன்கூட்டியே செய்யப்பட்டிருந்தன.

அந்த நீடிப்பு 5 கிலோமீற்றருக்கும் குறைவு. செலவோ 20 கோடி பவுணுக்கு மேல். அங்குள்ள கூலி வேறு, நமது கூலி வேறு என்பது உண்மைதான். ஆயினும் பலாலி வீதியின் ஓரத்தில் கடை வைத்திருப்பவர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். டிராம் வர வீதி அகல வேண்டும், வீதி அகன்றால் முதலில் இடிபடுவது கடையின் முகப்பு. வாடகைக் கடைக்காரருக்கு நட்டஈட்டுப் பட்டியலில் என்ன இடம் கிடைக்கும் என்பதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

எதைக் கேட்க வேண்டும்?

முதலாவது, யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே காலையிலும் மாலையிலும் அடிக்கடி ஓடும் ஒரு சிறு ரயில். முழு நீள வண்டி தேவையில்லை. பஸ் உடல்கள் இரண்டை இணைத்துத் தண்டவாளத்தில் ஓடவிட்ட ‘ரயில் பஸ்’ நமது திணைக்களத்துக்குப் பழக்கமானதுதான்.

இரண்டாவது, அந்த ரயிலின் நேரத்துக்கு இணைப்பு பஸ். உரும்பிராய்ச் சந்தியிலிருந்து மேற்கே மருதனார்மடத்துக்குப் போகும் வீதி காங்கேசன்துறை வீதியைத் தொடுகிறது. ரயில் பாதையும் அந்தப் பக்கம்தான். ரயில் வந்து பத்து நிமிடத்துக்குள் பஸ் புறப்படுமானால், தண்டவாளம் இல்லாமலே உரும்பிராய் ரயில் ஊராகிவிடும். கிழக்கே கோப்பாயும் பயனடையும்.

மூன்றாவது, சரக்கு. புறக்கோட்டையில் பத்துப் பொதி வாங்கும் சிறு வியாபாரி அதற்காக ஒரு லொறியை வாடகைக்கு அமர்த்த முடியாது. அவருக்கு வேண்டியது, இரவில் கோட்டையில் ஏற்றிய பொதியை மறுநாள் கோண்டாவிலிலோ சுன்னாகத்திலோ பெற்றுக்கொள்ளும் வசதி. திரும்பும் வண்டியில் நமது தோட்டக்காரரின் வெங்காயம் தெற்கே போகட்டும்.

இவற்றை வர்த்தகர் சங்கங்கள் இனம், ஊர் என்ற பேதமின்றி ஒன்றாகச் சேர்ந்து, புகையிரதத் திணைக்களத்துக்கும் பிரதேச சபைக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், கடிதத்துக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வழி திறந்தால் நாம் மட்டும் போவதில்லை, மற்றவர்களும் வருவார்கள். ஏ-9 வீதி திறந்தபோது தென்பகுதிச் சரக்கும் பெருநிறுவனங்களும் குடாநாட்டுக்குள் வந்ததை நாம் கண்டோம். பத்து ரூபா பஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுத்து நகரத்துக்குப் போய் வாங்கிவர வாடிக்கையாளர் தயாராக இருந்தால், தவறு பஸ்ஸில் இல்லை, நமது கடையில்தான். விலையிலும் தரத்திலும் நாணயத்திலும் போட்டியிடத் தெரிந்தவருக்கே வழி லாபம் தரும்.

பலாலி வீதியில் டிராம் ஓடும் காலம் என்றாவது வரலாம். அதற்கு நியாயம் சொல்லப்போவது கோண்டாவிலிலும் இணுவிலிலும் இப்போது ஏறி இறங்கும் பயணிகளின் எண்ணிக்கைதான். எனவே இருக்கும் ரயிலை முதலில் நிரப்பிக் காட்டுவோம். நேரசூசி கேட்கும் கடிதத்தை இந்த மாதமே எழுதுவோம்.