படத்தில் இல்லாத வரத்துக்கால்

வெடித்துக் கிடக்கும் கண்மாய், நடுவே ஒரு காலிக் குடம், பின்னால் குனிந்த ஒரு முதுகு. 2017 கோடையில் முதுகுளத்தூர்ப் பக்கம் நான் எடுத்த படம். முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்திருந்த நேரம். படம் முதல் பக்கத்தில் வந்தது. அந்தக் குடத்தை வெடிப்பின் மேல் வைக்கச் சொன்னது நான்தான் என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

1936-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஆர்தர் ராத்ஸ்டீன் ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி வைத்துப் படமெடுத்தார். அது வெளியே தெரிந்ததும், அதிபர் ரூஸ்வெல்ட்டின் எதிரிகள் வறட்சிப் படங்களே பொய் என்று கிளம்பினார்கள். வறட்சியோ நிஜம். இந்தக் கதையைப் பின்னால் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு, படத்தில் குனிந்திருந்த அப்பத்தாவிடம் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூஞ்சியே இல்லையேப்பா, இது நான்னு யாரு சொல்லுவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வத்துன கண்மாய எடுத்துட்ட. தண்ணி வர்ற வழி அடைஞ்சு கெடக்கே, அத எடுத்தியா?" என்று கேட்டார்.

கரை மேல் என்னை நடத்திக் கூட்டிப்போனார். வரத்துக்கால் முழுக்கச் சீமைக் கருவேலம். அதைத் தாண்டினால் கால்வாயையே காணோம்; மேடாக்கி பிளாட் கல் ஊன்றியிருந்தார்கள். மழை பெய்திருந்தாலும் அந்த வழியாக ஒரு சொட்டு வந்திருக்காது. மறுநாள் விடியுமுன் அவர் ஊற்றுக்குப் போனபோது நானும் போனேன். ஊறுவதற்குக் காத்திருந்து, சிரட்டையால் மோந்து, ஐந்து குடம் நிரப்பித் தள்ளுவண்டியில் ஏற்றி வீடு சேர வெயில் வந்துவிட்டது. பகலில் கரிமூட்டத்தில் கூலி வேலை. வரத்துக்காலை அடைத்த அதே கருவேலம்தான் அங்கே அவருக்குக் கஞ்சி ஊற்றியது. இதையெல்லாம் எடுத்தேன். 'கால்வாய்ப் படத்தை யார் பார்ப்பார்கள்?' என்று அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

காய்ந்ததைக் காட்டிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுவது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78-இல், ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அவர்களுக்குப் பெயரில்லை. அதே மாதங்களில் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய தானியமும் அந்தப் படங்களில் இல்லை. பார்ப்பவருக்கு வானம் பொய்த்தது மட்டும்தான் தெரியும்.

படத்தால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோ முகாமில் டோரத்தியா லாங்கே எடுத்த தாயின் படம் வெளிவந்ததும் அந்த முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் அந்தத் தாய் முகாமை விட்டுப் போயிருந்தார். லாங்கே அவர் பெயரைக் கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிய 42 ஆண்டுகள் ஆயின. உலகமெங்கும் தன் முகம் போனதில் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது.

அதனால் பத்திரிகை ஆசிரியர்களிடம் கேட்கிறேன்: வெடித்த மண்ணின் படம் மேசைக்கு வந்தால், இந்த ஊருக்குத் தண்ணீர் எந்த வழியாக வரவேண்டும், அந்த வழியின் படம் எங்கே என்று கேளுங்கள். படத்தில் இருப்பவர் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள். ஒரு பிரதி அவர் கைக்குப் போகட்டும். படமெடுத்தவரை மழைக்குப் பிறகும் அதே ஊருக்கு அனுப்புங்கள். ஒரு பஸ் டிக்கெட் செலவுதான்.

புரட்டாசியில் விதைப்புக்கு வரச் சொல்லியிருந்தார் அப்பத்தா. போனேன். ஈரமில்லாத புழுதியில், மழையை நம்பி நெல் விதைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்கு நேராக நிமிர்ந்து நின்றார்.