குடும்ப வரவு செலவு: ரியால் அசையவில்லை, ரூபாய் அசைகிறது



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் இல்லங்களில் இப்போதெல்லாம் உம்ராப் பேச்சு எழுகிறது. பிள்ளைகளுக்கும் விடுமுறை, வயதான உம்மாவுக்கும் நீண்ட நாள் ஆசை, எனவே எல்லோருமாகச் சென்று வருவோம் என்று முடிவெடுக்கிறார்கள். மிக நல்ல முடிவு. விமானக் கட்டணம், விசா, தங்குமிடம் ஆகியவற்றுக்கான தொகையைப் பயண ஏற்பாட்டாளரிடம் ரூபாயாகச் செலுத்தி விடுகிறோம். ஆனால் அங்கே சென்ற பின் நம் கையிலிருந்து செலவாகும் பணம் ரியால். அந்த ரியாலுக்கு நாம் எத்தனை ரூபாய் கொடுக்க வேண்டும் என்பதைப் புறப்படும் வாரத்தில்தான் பலர் விசாரிக்கிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் உண்மையை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். 1986ஆம் ஆண்டு முதல் சவூதி ரியால் அமெரிக்க டாலருடன் பிணைக்கப்பட்டுள்ளது. ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்பதே அந்தக் கணக்கு. ஆகவே "ரியால் ஏறிவிட்டது" என்று நாம் சொல்லும்போதெல்லாம், உண்மையில் டாலருக்கு எதிராக நம் ரூபாய் இறங்கியிருக்கிறது என்றே பொருள். 1986இல் ஒரு ரியாலின் விலை ஏறத்தாழ மூன்றரை ரூபாய். 1991 ஜூலையில் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்த பின் அது ஏறத்தாழ 7 ரூபாய் ஆயிற்று. 2022 அக்டோபரில் 22 ரூபாயை எட்டியது. இந்த வரலாறு நமக்கு ஒரு பாடம். மூன்றாண்டு, நான்காண்டு சிறுகச் சிறுக ரூபாயில் சேமித்து உம்ரா செல்ல எண்ணுவோர், இன்றைய ரியால் விலையையே இலக்காக வைத்தால் இறுதியில் பணம் போதாது.

நீண்ட கால இறக்கம் ஒருபுறம் இருக்க, சில மாதங்களுக்குள்ளேயே ஏற்படும் ஏற்ற இறக்கமும் குடும்பத்தை உலுக்கிவிடும். 2013ஆம் ஆண்டை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய் அளவில் இருந்தது. ஆகஸ்டு 28ஆம் நாள் 68 ரூபாயையும் தாண்டியது. ரியால் கணக்கில் சொன்னால், 14 ரூபாய் 40 காசு என்பது நான்கே மாதங்களில் 18 ரூபாய்க்கு மேல் சென்றது.

நமக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அவ்வாண்டு தம் மனைவியுடன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். கைச்செலவுக்கு 4,000 ரியால் தேவை எனக் கணக்கிட்டு, மே மாதத்திலேயே 57,600 ரூபாயை ஒதுக்கி வைத்தார். புறப்படும் தறுவாயில் ஆகஸ்டு இறுதியில் மாற்றச் சென்றபோது அந்தப் பணத்துக்கு 3,200 ரியால்தான் கிடைத்தது. உணவுக்கும் போக்குவரத்துக்கும் அது போதும். ஆனால் உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் வாங்கி வர வேண்டிய பொருள்களின் பட்டியல் பையில் இருந்ததே! மதீனாவில் உடன் வந்த நண்பர் ஒருவரிடம் 800 ரியால் கடன் வாங்கினார். முஸல்லா, தஸ்பீஹ், பேரீச்சம்பழம் எல்லாம் வந்து சேர்ந்தன.

ஊர் திரும்பிய பின் சிக்கல் எழுந்தது. நவம்பரில் டாலர் 62 ரூபாய் அளவுக்கு இறங்கி, ரியால் ஏறத்தாழ 16 ரூபாய் 50 காசு ஆகியிருந்தது. நண்பரோ தாம் 18 ரூபாய்க்கு வாங்கிய ரியால் என்பதால் 14,400 ரூபாய் கேட்டார். ஆசிரியர் அன்றைய விலைப்படி 13,200 ரூபாய் எடுத்து வைத்தார். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்காக, அரஃபாவில் அருகருகே நின்று அழுத இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் பள்ளிவாசலுக்கு வந்து போனார்கள். "தஸ்பீஹைக் கையில் எடுத்தால் திக்ருக்குப் பதில் கடன்தான் நினைவுக்கு வருகிறது" என்று ஆசிரியரின் மனைவி நம் வீட்டுப் பெண்களிடம் கூறி வருந்தினார்.

இறுதியில் ஊர் ஆலிம் அவர்களிடம் சென்றார்கள். அவர் தெளிவாகச் சொன்னார்: "வாங்கியது ரியால்; எனவே திருப்பித் தர வேண்டியதும் ரியாலே. ரூபாயாகத் தர இருவரும் இசைந்தால், கொடுக்கும் நாளின் விலையே கணக்கு. முன்நிபந்தனையும் வற்புறுத்தலும் இன்றி, கடன்பட்டவர் தாமாக மகிழ்ந்து சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் அது நற்குணம்." ஆசிரியர் 13,200 ரூபாயைக் கொடுத்துவிட்டு, பின்னர் ஒருநாள் நண்பரைக் குடும்பத்துடன் விருந்துக்கு அழைத்தார். அல்ஹம்துலில்லாஹ், மனத்தாங்கல் தீர்ந்தது.

இத்தகைய நிலை நமக்கு வராதிருக்க என்ன செய்யலாம்?

முதலாவது, கைச்செலவுத் திட்டத்தை ரூபாயில் எழுதாமல் ரியாலில் எழுதுங்கள். அதன்பின் அன்றைய விலையால் பெருக்கி, பத்து விழுக்காட்டைக் கூட்டிக் கொள்ளுங்கள். 4,000 ரியால் தேவை, விலை 22 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் 88,000 ரூபாய். அதனுடன் 8,800 சேர்த்து 96,800 ரூபாய் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். உணவு, போக்குவரத்து, மருந்து ஒரு பங்கு. எதிர்பாராத செலவு ஒரு பங்கு. அன்பளிப்புப் பொருள்கள் ஒரு பங்கு. ரூபாய் இறங்கினால் மூன்றாவது பங்கு மட்டுமே சுருங்கட்டும். உம்ராவின் நிறைவுக்கு அன்பளிப்பு நிபந்தனையன்று. பெரியம்மாவுக்குக் கம்பளம் வாங்காமல் வந்தாலும், ஸம்ஸம் நீரும் நான்கு பேரீச்சம்பழமும் கொடுத்தால் அவர் மகிழ்ச்சியுடன் ஏற்பார்.

மூன்றாவது, எல்லாப் பணத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பயணத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் மூன்று தவணையாக மாற்றினால், விலை மிக உயர்ந்த நாளில் முழுத் தொகையும் சிக்காது. 2013 ஆகஸ்டு இறுதியில் அஞ்சி ஓடி வாங்கியோர், அக்டோபரில் விலை இறங்கியிருந்ததைக் கண்டிருப்பார்கள். நாளைய விலையை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

நான்காவது, மாற்றும் முறையில் கவனம் தேவை. "ரூபாயை இங்கே கொடுங்கள், ரியாலை மக்காவில் பெற்றுக் கொள்ளுங்கள்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். நாணய மாற்றம் கைக்குக் கை, அதே அமர்வில் நடைபெற வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் பொன், வெள்ளி பற்றிக் கற்பித்த நெறி. இன்றைய நாணயங்களுக்கும் அது பொருந்தும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அனுமதி பெறாதவரிடம் அந்நியச் செலாவணி வாங்குவது நாட்டுச் சட்டத்துக்கும் புறம்பானது. எனவே அனுமதி பெற்ற நிலையத்தில் ரசீதுடன் மாற்றுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள்.

ஐந்தாவது, வங்கி அட்டையைப் பயன்படுத்தினால், அங்குள்ள கடையின் இயந்திரம் சில வேளைகளில் ரூபாயில் கழிப்பதா, ரியாலில் கழிப்பதா என்று கேட்கும். ரியால் என்றே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் விலை பெரும்பாலும் நமக்கு நட்டம். அட்டைக்கு உங்கள் வங்கி பிடிக்கும் கூடுதல் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

மிஞ்சிய ரியாலை மீண்டும் ரூபாயாக்கும்போது விற்கும் விலை வேறு, வாங்கும் விலை வேறு என்பதால் இரண்டாம் முறையும் இழப்பு ஏற்படும். அளவாகவே மாற்றிச் செல்லுங்கள். சில்லறைக் காசுகளை இங்குள்ள நிலையங்கள் பெரும்பாலும் வாங்குவதில்லை. அவற்றை அங்கேயே ஸதகாவாகக் கொடுத்து வாருங்கள்.

ஒரு பழைய செய்தியுடன் முடிப்போம். 1959இல் நம் ரிசர்வ் வங்கி, ஹாஜிகள் சவூதியில் செலவிடுவதற்கென்றே 10 ரூபாய், 100 ரூபாய்த் தனி நோட்டுகளை வெளியிட்டது. அவற்றின் வரிசை எண்கள் 'எச்.ஏ.' என்ற எழுத்துகளுடன் தொடங்கின. அந்த நோட்டுகள் இன்று நாணயச் சேகரிப்பாளர்களிடம் மட்டுமே உள்ளன. நம் ரூபாயையே எடுத்துச் சென்ற காலம் போய்விட்டது. கணக்கிட்டுச் செல்ல வேண்டிய காலம் இது.

ஹஜ் வசதி பெற்றவர் மீதே கடமை என்று மார்க்கம் வைத்திருப்பதில் பேரருள் உள்ளது. அந்த வசதியில், திரும்பி வந்த பின் கடனின்றி உறங்குவதும் அடங்கும். இன்றிரவே உம்மாவை அருகில் அமர்த்தி, ஒரு தாளில் ரியால் கணக்கை எழுதத் தொடங்குங்கள். எல்லாம் வல்ல அல்லாஹ் உங்கள் பயணத்தை எளிதாக்கி, ஏற்றுக் கொள்வானாக. ஆமீன்.