மாத்திரையின்றி மீண்டேன் என்று சொன்னேன்

சில மாதங்களுக்கு முன்பு நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பல்லாண்டுகளாக என்னை வாட்டிய மனப்பதற்றத்தைப் பற்றிப் பேசினேன். மாத்திரை உட்கொள்ளாமலே அதிலிருந்து பெருமளவு மீண்டதாகக் கூறினேன். கைதட்டினார்கள். எனக்கும் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வாரங்கள் கழித்து, என் மாணவன் ஒருவனின் தாயார் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். "சார், நீங்க பேசுனத கேட்டுட்டு நானும் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார். கைகள் நடுங்கின. உறக்கமில்லை, தலை சுற்றுகிறது, உடம்பில் மின்சாரம் பாய்ந்தாற்போல் வெட்டுகிறது என்றார். அன்று மாலையே, மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தோம். அவர் இப்போது நலம். அவரது அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன். அன்றைய கூட்டத்தில் நான் சொன்னது பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

என் நோய் ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையில் தொடங்கியது. செங்கிலிருந்து அலோர்காஜா நோக்கிக் காரோட்டிச் சென்ற ஒரு காலையில் நெஞ்சு படபடத்து, மூச்சடைத்து, இறந்துவிடுவேன் என்றே நினைத்தேன். மருத்துவர் இதயத்தில் கோளாறில்லை என்றார். அதன் பின் நெடுஞ்சாலையை விட்டுக் கம்பத்துச் சாலைகளில் சுற்றிச் சென்றேன். பிறகு அவையும் அஞ்சத்தக்கவையாயின. இதற்கிடையே நான் செய்யாத பயிற்சியில்லை. விடியலில் பிராணாயாமம், மாலையில் தியானம், வெள்ளிக்கிழமைதோறும் திருநீறு. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். பாட்டி தலையில் கைவைத்துத் திருநீறு பூசினால் பாதி பயம் போய்விடும் என்பதை அறிவேன். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மீதிப் பாதி போகவில்லை.

பின்னர் நான் சந்தித்த உளவியலாளர் ஒரே கேள்வி கேட்டார்: "மூச்சுப் பயிற்சி முடித்த பிறகு அந்தச் சாலையில் ஓட்டினீர்களா?" இல்லை. ஓட்டாமல் இருப்பதற்காகத்தான் மூச்சுப் பயிற்சியே செய்துகொண்டிருந்தேன்! வாரத்துக்கு ஒரு சமிக்ஞை விளக்கு என்று கணக்கு வைத்தோம். முதல் வாரம் முதல் விளக்குவரை சென்று திரும்ப வேண்டும். படபடப்பு வந்தால் ஓரமாக நிறுத்தலாம். அது தணியும்முன் வீட்டுக்கு ஓடக்கூடாது. எவ்வளவு கொடிய படபடப்பும் உச்சம் தொட்டுத் தானே இறங்குகிறது என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். அலோர்காஜாவை எட்ட ஐந்து மாதங்களாயின. இதன் பெயர் அறிகை நடத்தைச் சிகிச்சை. ஆங்கிலச் சுருக்கத்தில் சி.பி.டி. என்பார்கள்.

யோகா நம்முடையது என்ற பெருமையில், அது ஒன்றே போதும் என்று நம்மில் பலர் பேசுகிறோம். 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேராகவே சோதித்தது. நாள்பட்ட மனப்பதற்றமுடைய 226 பேருக்கு மூன்று வழிகளில் 12 வாரப் பயிற்சி. யோகா செய்தவர்களில் 54 விழுக்காட்டினர் நன்கு தேறினர். சி.பி.டி. பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர். மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் 33 விழுக்காட்டினர். ஆக, யோகா உதவுகிறது, சிகிச்சைக்கு ஈடாகவில்லை. 2022இல் 276 பேரிடம் நடந்த வேறோர் ஆய்வில், எட்டு வாரத் தியானப் பயிற்சி எசிட்டலோபிராம் என்னும் மாத்திரைக்குச் சமமான பலன் தந்தது. இதைப் பலரும் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் கலந்துகொண்டோர் வாரந்தோறும் இரண்டரை மணி நேர வகுப்புக்கும் சென்று, வீட்டில் தினமும் 45 நிமிடம் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது என்பதை யாரும் பகிர்வதில்லை. படுக்கப்போகும்முன் ஐந்து நிமிடம் கண்மூடுவது வேறு.

மாத்திரையைத் தொடங்குவதா வேண்டாமா என்பதை மருத்துவருடன் பேசி முடிவு செய்யலாம். உண்டுகொண்டிருப்பவர் திடீரென நிறுத்துவது முற்றிலும் வேறு விடயம். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குறைப்பதானால் மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகத்தான். இதை அன்றே மேடையில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. 2017இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வில், இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஐந்தில் இருவரிடம் பதற்ற அறிகுறிகள் காணப்பட்டன. அவர்கள் நம் கையை விட்டுப் போன பிள்ளைகள்தாம். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிந்ததும் பிள்ளைகளின் பயமும் ஒழிந்தது என்று நினைத்தோம். வகுப்பில் எழுந்து வாசிக்க நடுங்கும் பிள்ளையை நாம் இரக்கத்தோடு உட்காரச் சொல்கிறோம். நானும் சொன்னேன். அடுத்த முறை அப்பிள்ளை கழிப்பறைக்குப் போகிறது; அதற்கடுத்த முறை பள்ளிக்கே வருவதில்லை. அதட்டி மேடையேற்றுவதும் தீர்வன்று. முதலில் என்னிடம் மட்டும் ஒரு வரி, பிறகு நண்பனிடம், பிறகு நால்வர் குழுவில். என் சமிக்ஞை விளக்குக் கணக்குதான்.

மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளில் சிறியவை பல. எல்லாவற்றிலும் முழுநேர ஆலோசக ஆசிரியரை எதிர்பார்க்க முடியாது. பெற்றோர் முதலில் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குச் செல்லலாம். கட்டணம் ஒரு ரிங்கிட். தேவைப்பட்டால் மலாக்கா மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற எண்ணிலும் பேசலாம். ஜாசினில் பார்த்தால் தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்று அஞ்சி, ஒருவர் மூவாருக்குப் போய் மருத்துவம் பார்த்ததை அறிவேன். அந்தப் பெட்ரோல் செலவுக்கு யாரை நொந்துகொள்வது?

அந்தத் தாயார் இப்போது மாத்திரையோடு சி.பி.டி. சிகிச்சையும் பெறுகிறார். போன வாரம் மகனை அழைத்துப்போக வந்தவர், "சார், ஹைவேல போறப்ப இன்னும் பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"மழை பெஞ்சா இருக்கும்மா. ஆனா ஓட்டுறேன்" என்றேன்.