சம்பவாம்பா விலைபோகவில்லை

‘டப்தம்பர்’ ஆல்பத்தைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆளில்லாத வீட்டைப் பிடித்துக் கூட்டாக வாழ்ந்து அனார்க்கிசம் பாடிய சம்பவாம்பா என்ற பங்க் குழு, 1997இல், தான் காறித் துப்பிய இஎம்ஐ நிறுவனத்திடமே கையெழுத்துப் போட்டது. கொள்கையை மூட்டைகட்டி வைத்துவிட்டு ஒரு குடிப்பாட்டை எடுத்துவிட்டது. பணம் கொட்டியது. பிறகு ஆளையே காணோம்.

கேட்கச் சுவையான கதைதான். ஆனால் ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்துத் தட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை உதிர்ந்துவிடுகின்றன.

முதலில் இஎம்ஐ. குற்றம்சாட்டுபவர்கள் கையில் இங்கே நல்ல சாட்சியம் இருக்கிறது. 1989இல் இஎம்ஐயைப் பச்சையாகத் திட்டும் தலைப்போடு ஒரு தொகுப்பு இசைத்தட்டு வந்தது. அதில் சம்பவாம்பாவும் இருந்தது. அன்று அந்த நிறுவனம் தார்ன் இஎம்ஐ. ஒரு கையில் பாட்டு, மறு கையில் ராணுவத் தளவாடம். எட்டே வருடத்தில் அந்தப் பெயருக்குக் கீழே கையெழுத்து என்றால் கூட இருந்தவர்களுக்குக் கோபம் வராதா? வந்தது. பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டிய லைவ் எய்ட் கச்சேரியைக் கிண்டலடித்து, பட்டினிக் குழந்தைகளின் படங்கள் இசைத்தட்டுகளை விற்கும் என்ற பொருளில் 1986இல் இவர்கள் தங்கள் முதல் ஆல்பத்துக்குத் தலைப்பு வைத்திருந்தார்கள். 1998இல் மற்ற பங்க் குழுக்கள் சேர்ந்து, அப்பட்டமான பாசாங்கும் இசைத்தட்டுகளை விற்கும் என்று அதே தலைப்பைத் திருப்பிப் போட்டு ஒரு இசைத்தட்டையே வெளியிட்டன. சரியான குத்து. சம்பவாம்பாவின் நகைச்சுவையையே அவர்கள் தலையில் கொட்டியது.

தார்ன் 1996இலேயே இஎம்ஐயிலிருந்து பிரிந்துவிட்டது என்று குழு பதில் சொன்னது. உண்மைதான், ஆனால் வக்கீல் பேச்சு. அவர்கள் சொன்ன இன்னொரு பதில்தான் கனமானது. அதற்கு முன் அவர்கள் இருந்த ஒன் லிட்டில் இந்தியன், பங்க் குழு ஒன்றில் வாசித்தவர் நடத்திய சுயேச்சை நிறுவனம். அங்கேயும் லாபக் கணக்குதான் பேசியது என்றார்கள். சின்ன முதலாளி நம்மவன், பெரிய முதலாளி எதிரி என்கிற பங்க் உலகத்தின் சாதிப் பிரிவினையை இந்தப் பதில் போட்டு உடைக்கிறது. விமர்சகர்கள் இதற்கு மறுமொழி சொன்னதாக நான் படித்ததில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டதோடு சரி.

அதற்கு முன் தூய்மையாக இருந்து, 1997இல் மாறிப்போனார்கள் என்பது அடுத்த வரி. 1982க்குப் போவோம். அந்த ஆண்டு, அனார்க்கோ பங்கின் தாய்க்குழுவான க்ராஸ் வெளியிட்ட ஒரு தொகுப்பில் சம்பவாம்பாவின் பாட்டு வந்தது. அதே காலத்தில் இன்னொரு வேலையும் செய்தார்கள். ‘சவுண்ட்ஸ்’ பத்திரிகையில் கேரி புஷெல் என்ற எழுத்தாளர், ‘ஓய்’ என்ற முரட்டு ரகப் பங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இவர்கள் ஸ்கின் டிசீஸ் என்று பொய்ப் பெயரில் ஒரு ‘ஓய்’ குழுவைக் கிளப்பி அவரை நம்பவைத்து, அவர் தொகுத்த இசைத்தட்டிலேயே இடம்பிடித்தார்கள். நான் ஒரு மடையன் என்பதைத் திரும்பத் திரும்பக் கத்துவதுதான் மொத்தப் பாட்டும். அதுவும் அச்சாகி விற்பனைக்கு வந்தது.

எதிராளியின் வீட்டுக்குள் மாறுவேடத்தில் நுழைந்து அங்கிருந்து கூச்சல் போடுவது இந்தக் குழுவின் பிறவிக் குணம். 1997இல் நுழைந்த வீடு பெரியது, அவ்வளவுதான். அந்த உத்தி உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். திடீரென்று பல்டி அடித்தார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது.

இனி, அரசியலைக் கழற்றிவிட்டார்கள் என்ற வாதம். எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் ஆல்பத்தில் உள்ள 12 பாடல்களில் ஒன்றை மட்டும், அதையும் வானொலிக்காக வெட்டிய வடிவத்தில், கேட்டவர்கள்.

‘டப்தம்பிங்’ என்ற அந்தக் குடிப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். சரக்குகளின் பட்டியல் இருக்கிறது, விழுந்து எழுகிற கோரஸ் இருக்கிறது, குடித்துவிட்டுக் கத்துவதற்கு வாகாக இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் ஆல்பத்தில் இந்தப் பாட்டு இசையோடு தொடங்குவதில்லை. ஒரு நடுவயதுக்காரரின் குரல் பேசுகிறது. ‘பிராஸ்ட் ஆஃப்’ என்ற 1996ஆம் ஆண்டுப் படத்தில் பீட் போஸ்டில்த்வெய்ட் நடித்த டேனி என்ற பாத்திரத்தின் குரல் அது. டேனி, யார்க்‌ஷயரில் மூடப்படும் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் பித்தளை வாத்தியக் குழுவை நடத்துபவர். லண்டனில் போட்டியில் வென்று கோப்பை கைக்கு வரும் நேரத்தில் அதை வேண்டாமென்று மறுக்கிறார். இசைதான் பெரிது என்று இருந்துவிட்டேன், மனிதர்களுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை என்று பேசுகிறார். அந்தப் பேச்சின் துண்டை ஒட்டிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குகிறார்கள். 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் குடும்பங்களுக்கு நிதி திரட்ட ஊர் ஊராக வாசித்த குழு இது. விழுந்தாலும் எழுவோம் என்று அங்கே கத்துவது வெறும் குடிகாரர்களா, தோற்கடிக்கப்பட்ட ஊர்களா? அந்தப் பேச்சைக் கேட்டவருக்கு இதில் குழப்பம் வராது. வானொலியில் அது இல்லை.

இன்னொரு வெட்டும் நடந்தது. பிரிட்டனில் வந்த உறைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னணிக் குறிப்புகளும் பலருடைய மேற்கோள்களும் இருந்தன. பாட்டு இனிப்பு, குறிப்பு காரம் என்று திட்டமிட்டே செய்திருந்தார்கள். அமெரிக்கப் பதிப்பில் சட்டச் சிக்கலைக் காரணம் காட்டி இவை நீக்கப்பட்டன. இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். 1997இல் எத்தனை வீட்டில் இணையம்? அங்கே மட்டும் சுமார் 30 லட்சம் பிரதிகள் விற்ற ஆல்பம் அது. சாரம் எடுத்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சாரமில்லை என்று எழுதினார்கள் அமெரிக்க விமர்சகர்கள். இஎம்ஐ வகையறாவோடு சேர்ந்ததால் வந்த வினைதானே இது என்று கேட்டால், ஆமாம். அந்த விலையைக் குழு கொடுத்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

குறிப்புகள் இல்லாமலே பேசும் பாட்டுகளும் இருக்கின்றன. ‘அம்னீஷியா’ தேர்தலுக்குத் தேர்தல் ஏமாந்துவிட்டு மறந்துபோகும் வாக்காளர்களைப் பற்றியது. டோனி பிளேரின் வெற்றிக் களிப்பில் நாடே மிதந்த ஆண்டில் வந்தது. ‘டிரிப், டிரிப், டிரிப்’ ஒழுகும் வீட்டுக்கு வாடகை வசூலிப்பவனைப் பற்றி. ‘ஒன் பை ஒன்’ லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களைக் கைவிட்ட தொழிற்சங்கத் தலைமையைப் பற்றி. இசையில் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். டிரம் மெஷினும் கீபோர்டும் பல இடங்களில் பிளாஸ்டிக் மாதிரி ஒலிக்கின்றன. பிற்பாதியில் இரண்டு மூன்று பாட்டுகள் எனக்கும் நீர்த்த மோர்தான்.

அந்தத் துறைமுக விவகாரம் பாட்டோடு நிற்கவில்லை. 1995 செப்டம்பரில் மறியலைத் தாண்டி வேலைக்குப் போக மறுத்ததற்காக ஏறத்தாழ 500 பேரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். துறைமுக நிறுவனத்தில் அரசாங்கத்துக்கே பங்கு இருந்தது. பிளேரின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தும் ஒன்றும் நகரவில்லை. 1998 ஜனவரியில் போராட்டம் முடிந்துபோனது. அடுத்த மாதம் லண்டனில் பிரிட் விருது விழா. சம்பவாம்பா மேடையேறித் தங்கள் வெற்றிப் பாட்டின் வரிகளையே மாற்றி, புதிய தொழிற்கட்சி துறைமுகத் தொழிலாளர்களை விற்றுவிட்டது என்று பாடியது. அதோடு விடாமல் குழுவின் டேன்பெர்ட் நோபேகன், விருந்து மேசையில் உட்கார்ந்திருந்த துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட்டின் மேல் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்தார். பிரெஸ்காட் ஒரு காலத்தில் கப்பல் பணியாளராக இருந்து தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். மறுநாள் பத்திரிகைகள் பண்பாடு பற்றிப் பாடம் எடுத்தன. விழா நடந்த லண்டன் அரீனா இருந்ததோ பழைய கப்பல்துறை மூடப்பட்ட டாக்லேண்ட்ஸ் பகுதியில்.

அமெரிக்காவிலும் இதே கதை. டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் பாட்டுக்கு நடுவே, அப்போது மரண தண்டனைக் கைதியாக இருந்த முமியா அபு ஜமாலை விடுதலை செய் என்று கோஷம் போட்டார்கள். குழுவின் ஆலிஸ் நட்டர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, காசில்லாதவர்கள் பெரிய சங்கிலிக் கடைகளிலிருந்து எங்கள் ஆல்பத்தைத் திருடிக்கொள்ளலாம் என்றார். வர்ஜின் கடைகள் ஆல்பத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் வைத்தன. விற்பனைக்காகக் கொள்கையை விட்டவர்கள் விற்பனைக்கே வேட்டு வைப்பார்களா?

பணக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். 1998 உலகக் கோப்பை விளம்பரத்துக்கு நைக்கி 15 லட்சம் டாலர் நீட்டியது, மறுத்தார்கள். 2002இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் விளம்பரத்துக்கு இவர்கள் பாட்டொன்றை வாங்கியது. வாங்கிய சுமார் 70,000 பவுண்டை, பெருநிறுவனங்களை எதிர்க்கும் இண்டிமீடியா, கார்ப்வாட்ச் அமைப்புகளுக்கு அப்படியே கொடுத்தார்கள். கார் கம்பெனியின் காசு அந்தக் கம்பெனிக்கு எதிரான பிரச்சாரத்துக்கே போனது. ‘வேர்ல்ட் கப் 98’ கணினி விளையாட்டு தொடங்கும்போது ஒலிப்பதும் இவர்களுடைய பாட்டுதான்.  ஆக, எல்லாவற்றையும் மறுத்த சந்நியாசிகள் இல்லை. எதற்கு விற்பது, வந்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஒவ்வொரு முறையும் கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள்.

ஒரே பாட்டோடு மறைந்தார்கள் என்பது வெறும் தகவல் பிழை. ‘டப்தம்பிங்’ பிரிட்டனில் 2ஆம் இடம், ‘அம்னீஷியா’ 10ஆம் இடம். அதன் பிறகும் குழு 2012 வரை இருந்தது. பிற்காலத்தில் மின்வாத்தியங்களைத் தள்ளிவைத்து நாட்டார் இசைக்குப் போனது. அதுவும் புதிதல்ல. ஆங்கிலேயக் கலகப் பாடல்களை வாத்தியமே இல்லாமல் பாடி 1988இலேயே ஓர் ஆல்பம் போட்டிருந்தார்கள். மார்கரெட் தாட்சரின் இறப்புக்கென்று ஒரு இசைத்தட்டைப் பதிவுசெய்து, முன்கூட்டியே காசு வாங்கி வைத்துக்கொண்டு, 2013 ஏப்ரலில் அவர் இறந்ததும் வாங்கியவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அப்போது குழுவைக் கலைத்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

விமர்சகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது: கோடிப் பேர் பாடினார்களே, அரசியல் போய்ச் சேர்ந்ததா? பெரும்பாலும் இல்லை. 2011இல் பிரிட்டனின் வலதுசாரி யூகிப் கட்சி தன் மாநாட்டில் இந்தப் பாட்டைப் போட்டது. 2024இல் நியூசிலாந்தின் அப்போதைய துணைப் பிரதமர் வின்ஸ்டன் பீட்டர்ஸும் தன் கூட்டத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு முறையும் குழுவினர் எதிர்த்தார்கள்; பீட்டர்ஸ் விஷயத்தில், தடுத்து நிறுத்தும்படி இசை நிறுவனத்தையே கேட்டுக்கொண்டார்கள். உத்தி பலிக்கவில்லை என்று இதை வைத்து எழுதினால் நான் மறுக்க மாட்டேன். அப்படி எழுத வேண்டுமானால் டேனியின் பேச்சிலிருந்து கடைசிப் பாட்டு வரை முழு ஆல்பத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டும், பிரிட்டிஷ் பதிப்பின் உறைப் புத்தகத்தோடு.