பரிசில் பாதி யாருக்கு?

லண்டன் நகரில் 2025-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி இரவு ஒரு பரிசு அறிவிக்கப்பட்டது. அதன் பெயர் சர்வதேச புக்கர் பரிசு. தொகை 50 ஆயிரம் பவுண்டு. பரிசு பெற்றது ஒரே ஒரு புத்தகம். ஆனால் அதை வாங்க மேடை ஏறியவர்கள் இரண்டு பேர்!

ஒருவர் பானு முஷ்டாக். கர்நாடக மாநிலம் ஹாசனைச் சேர்ந்தவர். வக்கீல், கன்னட எழுத்தாளர். அப்போது அவருக்கு வயது 77.

மற்றவர் தீபா பஸ்தி. குடகு மாவட்டத்தில் உள்ள மடிக்கேரியைச் சேர்ந்தவர். பானுவின் கன்னடக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்.

பரிசுத் தொகையை இருவரும் சரிபாதியாகப் பெற்றார்கள். ஆளுக்கு 25 ஆயிரம் பவுண்டு. இது பானு மனம் இரங்கிக் கொடுத்த பங்கு அல்ல. பரிசின் விதியே அதுதான். 2016-ம் ஆண்டு முதல் இப்படித்தான் கொடுத்து வருகிறார்கள். 2022-ம் ஆண்டில் இந்தி எழுத்தாளர் கீதாஞ்சலி ஸ்ரீ இதே பரிசைப் பெற்றபோதும், அவருடைய நாவலை ஆங்கிலத்தில் எழுதிய டெய்சி ராக்வெல் என்ற அமெரிக்கப் பெண்மணிக்குப் பாதி போயிற்று.

"கதையைக் கற்பனை செய்தவர் ஒருவர். அதை வேறு மொழியில் எழுதிக் கொடுத்தவருக்குச் சரிபாதியா? இது என்ன நியாயம்?" என்று சிலர் கேட்கக்கூடும்.

நியாயம்தான். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு சொல்லில் ஒரு சண்டை

ஒரு தமிழ்க் கதை. கணவனை எப்போதும் "நீங்க" என்றே அழைக்கும் மனைவி, ஒரு நாள் "நீ பேசாதே!" என்கிறாள். படிக்கிற நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அந்தக் குடும்பத்தில் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று உடனே புரிந்துகொள்கிறோம். கதாசிரியர் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அந்த மொழியில் "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் ஒரே சொல்தான். அகராதியைப் புரட்டினால் விடை கிடைக்காது. மொழிபெயர்ப்பவர் யோசித்து, வேறு ஏதாவது ஒரு வழியில் அதே அதிர்ச்சியை உண்டாக்க வேண்டும்.

சித்தி, பெரியம்மா, அத்தை, மாமி எல்லோரும் ஆங்கிலத்துக்குப் போனால் ஒரே உறவாகிவிடுவார்கள். ஒரு குடும்பக் கதையை அங்கே கொண்டுபோவது எவ்வளவு சிரமம் என்பதை இதிலிருந்தே அறியலாம். இதற்கு இரண்டு மொழி தெரிந்தால் மட்டும் போதாது. எழுதத் தெரிய வேண்டும்.

தீபா செய்த வேலை

பானு முஷ்டாக்கின் வீட்டு மொழி உருது. எட்டு வயதில் சிவமொக்காவில் ஒரு கன்னடப் பள்ளியில் சேர்ந்தார். ஆறு மாதத்தில் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. சிறுமி பானு அதற்கு வெகு முன்பே கற்றுவிட்டார். பள்ளியில் கற்ற அந்த மொழியிலேயே பிற்காலத்தில் கதை எழுதினார்.

கர்நாடகத்து முஸ்லிம் பெண்களின் வாழ்க்கையே அவருடைய கதைகளின் உயிர். கன்னடத்தோடு உருதுச் சொல்லும் அரபுச் சொல்லும் அங்கே கலந்து வரும். தீபா அந்தச் சொற்கள் பலவற்றை அப்படியே விட்டுவைத்தார். அடிக்குறிப்பும் போடவில்லை. கதை போகும் போக்கிலேயே பொருள் புரியும்படி எழுதினார்.

ஆறு தொகுதிகளில் கிடந்த கதைகளில் இருந்து 12 கதைகளைப் பொறுக்கி எடுத்தவரும் அவரே. 1990 முதல் 2023 வரை எழுதப்பட்ட கதைகள் அவை. புத்தகத்தின் பெயர் "ஹார்ட் லேம்ப்". நெஞ்ச விளக்கு என்று சொல்லலாம்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். பரிசுக்கு நடுவர்கள் படித்தது ஆங்கிலப் புத்தகத்தை. கதை பானுவுடையது. ஆனால் அவர்கள் படித்த ஒவ்வொரு வாக்கியமும் தீபா எழுதியது. அப்படி இருக்கும்போது பாதிப் பரிசு அதிகம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அட்டையில் ஏன் பெயர் இல்லை?

பரிசு கொடுக்கிறவர்களுக்கு இருக்கும் இந்த நியாய உணர்ச்சி, புத்தகம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இல்லை. மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டையில் போடாமல், உள்ளே ஒரு மூலையில் சிறிய எழுத்தில் போடுகிறவர்கள் உண்டு. ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறவர்களும் உண்டு. பிறகு புத்தகம் பத்துப் பதிப்பு விற்றாலும் அவருக்கு ஒரு காசு வராது.

ஜெனிபர் கிராப்ட் என்ற அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் இதைப் பொறுக்கவில்லை. போலந்து எழுத்தாளர் ஓல்கா டோகார்சுக்கின் நாவலை மொழிபெயர்த்து, 2018-ம் ஆண்டில் அவருடன் சர்வதேச புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். "அட்டையில் என் பெயர் இல்லாவிட்டால் இனி மொழிபெயர்க்க மாட்டேன்" என்று 2021-ம் ஆண்டில் பகிரங்கமாக அறிவித்தார். எழுத்தாளர்கள் பலர் அவர் பக்கம் நின்றார்கள். தங்கள் நூல்களை மொழிபெயர்ப்பவரின் பெயரை அட்டையில் போடும்படி பதிப்பாளர்களிடம் கேட்போம் என்று கையெழுத்திட்டார்கள். எழுத்தாளர்களே இப்படிக் கேட்டது பாராட்டத்தக்கது.

நமக்கும் கடமை உண்டு

இது நமக்குத் தொலைவான சங்கதி அல்ல. மராத்தி எழுத்தாளர் காண்டேகரின் நாவல்கள் ஒரு காலத்தில் தமிழ் வீடுகளில் விரும்பிப் படிக்கப்பட்டன. அவரைத் தமிழில் பேசவைத்தவர் கா.ஸ்ரீ.ஸ்ரீ. அதேபோல், பெருமாள்முருகனின் "பூக்குழி" 2023-ம் ஆண்டில் சர்வதேச புக்கர் பரிசின் முதல் பட்டியலில் இடம் பெற்றது. அதை ஆங்கிலத்தில் எழுதியவர் அனிருத்தன் வாசுதேவன். தமிழுக்கு வந்த கதைக்கும், தமிழில் இருந்து போன கதைக்கும் இப்படி ஒருவர் உழைத்திருக்கிறார்.

எனவே பதிப்பாளர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். மொழிபெயர்த்தவர் பெயரை அட்டையில் போட வேண்டும். விற்பனையில் அவருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். சொற்பக் கூலிக்கு அவசர அவசரமாக எழுதி வாங்கினால், கதை கெட்டுப்போகும். நஷ்டம் படிக்கிறவர்களுக்குத்தான்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை வெளிமொழிக் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கும்போது, தமிழில் எழுதியவர் யார் என்று அட்டையில் பாருங்கள். இல்லாவிட்டால், "ஏன் இல்லை?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதிப்பாளர் காதுக்குப் போகும். அடுத்த பதிப்பில் பெயர் வரும்.