ஒரு கூறு நெத்திலியும் ரித்திகா சிங்கும்

பள்ளிக்கூட நாட்களில் என்னிடம் ஒரு கட்டு ரெஸ்லிங் சீட்டு இருந்தது. உயரம், எடை என்று சொல்லிச் சொல்லி அடுத்தவன் சீட்டைப் பிடுங்குகிற ஆட்டம். (உங்களிடமும் இருந்திருக்கும். இப்போது உங்கள் கணக்கு வாத்தியாரிடம் இருக்கும்.) அதில் வரும் சைனா என்ற பெண்மணி, 1999-ல் ஆண்களோடு மோதி இன்டர்காண்டினென்டல் பட்டம் வாங்கியவர். பிறகு நடிக்கப் போய்விட்டார். அமெரிக்காவில் இதெல்லாம் சகஜம்.

தமிழ் சினிமாவில் அப்படி யார் என்றால் எனக்குத் தெரிந்து ரித்திகா சிங்தான். மல்யுத்தம் இல்லை, கிக் பாக்ஸிங். மும்பைப் பெண். 2009 ஆசிய உள்ளரங்கப் போட்டியில் இந்தியாவுக்காக இறங்கியவர். அப்புறம் சூப்பர் ஃபைட் லீக்கில் காசுக்குச் சண்டை. அவரைத்தான் சுதா கொங்கரா 'இறுதிச்சுற்று'க்குப் பிடித்து வந்தார். நடிகைக்கு மூன்று மாதம் குத்துவிடச் சொல்லிக்கொடுப்பதுதான் சினிமா வழக்கம். சுதா செய்தது தலைகீழ். குத்தத் தெரிந்த பெண்ணுக்கு நடிக்கச் சொல்லிக்கொடுத்தார். 2016 ஜனவரியில் படம் வந்தது. தேசிய விருதில் ரித்திகாவுக்குச் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது.

படத்தில் அவர் மீன் விற்கிற பெண். எங்கள் தேவனாம்பட்டினத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா டி.வி.யில் போடும்போதெல்லாம் பார்க்கும். ''கையப் பாரு தம்பி. கூட தூக்குற கை அது. மத்தவளுங்க கை மாதிரி வெண்டக்கா இல்ல'' என்று சர்டிபிகேட் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவிடம்தான் என் ஆதங்கத்தைக் கொட்டினேன்.

''என்னக்கா அநியாயம்! 'ஆண்டவன் கட்டளை'யில பத்திரிகைக்காரி. சரி, அது நல்ல படம், விட்டுடலாம். 2017-ல 'சிவலிங்கா'வுல பேயோட டான்ஸு. 'ஓ மை கடவுளே'யில பாசமான பொண்டாட்டி. 2023-ல ஒரு மலையாளப் படத்துல ஒரே ஒரு பாட்டுக்கு ஆட்டம். 'வேட்டையன்'ல போலீஸ் உடுப்பு குடுத்தாங்க, ஆனா அது ரஜினி படம், அவர்தானே அடிக்கணும்? ஒரு பாக்ஸரைக் கூட்டிட்டு வந்து இப்படி வீணடிக்கலாமா?''

நான் பி.காம். என்பதால் வரவு செலவு பார்த்தே பேசுவேன். சொல்லி முடித்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டே கேட்டது.

''நீ என்னா படிச்ச?''

''பி.காம்.''

''எந்தக் கடையில கணக்கு எழுதுற?''

''எங்கயும் இல்லக்கா. பத்திரிகைக்கு எழுதுறேன்.''

''அப்ப உன்ன யாரு வீணடிச்சது?''

நான் கடலைப் பார்த்தேன். அது பாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது.

''சுனாமிக்கு முன்னாடி நான் இந்தக் கூடையத் தொட்டதே இல்ல, தெரியுமா? எங்க வூட்டுக்காரரு போட்டு வச்சிருந்தாரு. நான் வூட்டுல சோறாக்கிக்கிட்டு கெடந்தேன். 2004-ல போட்டும் போச்சு, வலையும் போச்சு. மறு வருசம் தூக்கினேன் கூடைய. மொத மாசம் கூவவே வாய் வரல. அந்தப் பொண்ணுக்கும் மொத நாளு ஆடச் சொன்னப்ப அப்படித்தான் இருந்திருக்கும். ஆடக் கத்துக்கிச்சில்ல?''

''இல்லக்கா, அவங்க தெறமை...''

''ஒதை வாங்கற தொழிலு தம்பி அது. எத்தினி வருசம் வாங்கும்? சினிமாவுல குத்தினா வலிக்காது, காசும் வரும். ஒனக்கு ஏன் வவுறு எரியுது?''

பதில் இல்லை. கூறு அறுபது ரூபாய் என்றது. ஐம்பதுக்குப் பேரம் பேசலாம் என்றுதான் வந்தேன். பேசவில்லை.