நிலத்தின் கீழே ஓர் அறை



பென்னாகரம் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், நமக்கு நன்கு அறிமுகமான குடும்பத்தார் அண்மையில் ஒரு வரைபடத்தை நம் முன் விரித்து வைத்தனர். மூத்த மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. வீட்டில் இருப்பவையோ இரண்டே அறைகள். சரிவான மனையில் கட்டிய வீடாதலால், பின்புறம் தரைக்குக் கீழே ஆள் நிமிர்ந்து நிற்குமளவு ஓர் இடம் உண்டு. புளியும் கேழ்வரகு மூட்டைகளும் அங்கே கிடக்கின்றன. அதனைச் செப்பனிட்டு, சுண்ணாம்பு பூசி, மின்விசிறி மாட்டினால் ஓர் அறை கிடைக்குமே என்பது அவர்கள் எண்ணம்.

"யாருக்கு அந்த அறை?" என்று வினவினோம். சற்றே தயங்கி, "மாமாவுக்குத்தான்" என்றார் வீட்டு அம்மையார். அவருடைய மாமனார் திண்ணையில் அமர்ந்திருந்தார். பேச்சு அவர் காதில் விழுந்ததோ, இல்லையோ!

யோசனையை எழுதியனுப்பியவர் டொரொன்டோவில் வாழும் உறவினர். அங்கே வீட்டுக்கு வீடு நிலவறை உண்டு என்பது மெய்யே. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து சென்ற தமிழர் பலர், அத்தகைய நிலவறைகளில்தான் தங்கள் புதுவாழ்வைத் தொடங்கினர். ஆனால் அதற்கொரு காரணம் உண்டு. அந்நாட்டுக் குளிரில் மண்ணே உறைந்து விம்முமாதலால், கடைக்காலை ஏறக்குறைய நான்கடிக்கும் கீழே இறக்கியாக வேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள், இன்னும் சற்றுத் தோண்டி ஒரு தளமாகவே ஆக்கிக்கொண்டனர். அங்கும், உறங்கும் அறையாயின், ஆபத்து வேளையில் ஆள் வெளியேறத்தக்க வழி அல்லது ஜன்னல் இருக்க வேண்டுமென்பது விதி.

நம் மாவட்டத்திலோ பல இடங்களில் சில அடி தோண்டியதும் பாறை தட்டுகிறது. கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் தெரியும். நம் கொத்தனார்கள் 'பேஸ்மென்ட்' என்று சொல்வதும் தரைக்கு மேலே எழுப்பும் மேடையைத்தான்! "பேஸ்மென்ட்டை மூன்றடி ஏற்றுங்கள்" என்பார்களேயன்றி இறக்கச் சொல்லமாட்டார்கள். மழைநீர் வாசலேறக் கூடாது என்ற பட்டறிவு அதில் இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலையொட்டி, அரூரில் ஒரே நாளில் 33 சென்டிமீட்டர் மழை பெய்தது. பக்கத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். வறண்ட மாவட்டம்தானே என்று அலட்சியமாய் இருக்க இயலாது.

அவ்வாண்டு ஜூலை 27 அன்று தில்லியில் நிகழ்ந்ததையும் நினைவுகூர்கிறோம். பழைய ராஜேந்திர நகரில், பொருள் வைக்கவும் வண்டி நிறுத்தவும் அனுமதி பெற்ற நிலவறை, படிப்பகமாக நடத்தப்பட்டு வந்தது. மழைவெள்ளம் உட்புகுந்து, ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர் மூவர் மாண்டனர். இளம் கால்களுக்கே ஏற முடியாத படிகளை எழுபது வயது முதியவர் எங்ஙனம் ஏறுவார்?

அந்த வீட்டின் கீழிடத்திற்கு நாமே இறங்கிப் பார்த்தோம். மூன்று புறமும் மண்ணில் புதைந்த சுவர்கள். முழங்கால் உயரம்வரை ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. சுண்ணாம்பு அதனை ஒரு பருவத்திற்கு மறைக்கும், அவ்வளவே. உயரம் ஆறரை அடி. மக்கள் வாழும் அறைக்குத் தேசியக் கட்டட நெறி கேட்பது 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடி. உயரம் வேண்டித் தரையைத் தோண்டினாலோ கடைக்கால் கற்களே வெளித்தெரியும். வீடு எதன்மேல் நிற்கும்?

முற்காலத்தில் மைசூர்ச் சீமையில் கேழ்வரகை நிலத்தடிக் குழிகளில் ஆண்டுக்கணக்கில் சேமித்தனர். மூடிக்கிடந்த அத்தகைய குழியில் உடனே இறங்கினால் நல்ல காற்றின்றி உயிர்போகும். தானியத்திற்கு உகந்த இடம் மனிதருக்கும் உகந்ததாகிவிடாது.

சரிவு மனையில் ஒரு பக்கம் முழுவதும் திறந்திருந்து, அங்கே வாயிலும் பெரிய ஜன்னல்களும் வைக்க இயன்று, நீர் வெளியே வடிந்தோடுமாயின், நாம் மறுக்கமாட்டோம். இவ்வீட்டில் திறந்த பக்கம் ஒரு கதவளவே. ஆகவே மேலே கட்டுங்கள் என்றோம். அதிலும் அவசரம் கூடாது. சேற்று மண்ணில் கல்லடுக்கிய பழஞ்சுவராயின் மாடியைத் தாங்காது. சுவரோரம் ஒரு குழி வெட்டி, கடைக்காலின் ஆழத்தையும் அகலத்தையும் பொறியாளர் ஒருவர் நேரில் காணட்டும். தளத்தின் கம்பியையும் அவர் சோதிக்கட்டும். அதன்பின் உள்ளாட்சி அனுமதி, அதன்பின் செங்கல்.

மாடி அறை யாருக்கு என்பதில் நமக்கு ஐயமில்லை. புதுமணத் தம்பதியருக்கே. கழிப்பறைக்கு அருகிலுள்ள முன்னறை பெரியவருக்கு. இதைச் சொன்னபோது அம்மையார் முகத்தில் ஏதோ பாரம் இறங்கினாற்போலத் தோன்றியது. கீழே அனுப்பும் எண்ணம் அவருக்கும் உவப்பாக இருந்திருக்கவில்லை.

சென்ற வாரம் குழி வெட்டினார்கள். மூன்றரை அடியில் பாறை. கடைக்கால் அதன் மேலேயே அமர்ந்திருக்கிறது. சுவரும் சிமெண்டுக் கலவையில் எழுப்பிய செங்கற்சுவரே. ஓரறை தாங்கும் என்றார் பொறியாளர். படிக்கட்டை எப்பக்கம் வைப்பது என்பதில்தான் தந்தைக்கும் மகனுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. வடபுறம் வைத்தால் முருங்கையை வெட்ட வேண்டுமாம். அது பெரியவர் நட்ட மரம்.